நிமிந்து உக்காந்தா வலி போயிருமா? கழுத்து வலி, குறுக்கு வலி பத்தி கொஞ்சம் விளக்கமா

[காட்சி: கிச்சன் மேடை மேல 5 லிட்டர் எண்ணெய் கேன்]

வணக்கங்க. இந்த கேன பாருங்க, 5 லிட்டர் கடலெண்ணெய், தராசுல வச்சா நாலரை கிலோவுக்கு கொஞ்சம் மேல காட்டும். உங்க தலையோட எடையும் ஏறக்குறைய இவ்வளவுதான், நாலரைல இருந்து அஞ்சு கிலோ. இத நெஞ்சோட ஒட்டி ரெண்டு கையிலயும் அணைச்சு பிடிச்சுட்டு நின்னா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசலாம். இப்ப அதே கேன கைய முன்னாடி நீட்டி பிடிக்கிறேன்... முப்பது செகண்ட் கூட ஆகல, தோள்பட்டை எரியுது. கேன் எடை ஒரு கிராம் கூடல, உடம்ப விட்டு தள்ளிப்போச்சு, அவ்வளவுதான். நீங்க குனிஞ்சு போன் பாக்கும்போது உங்க பிடரிக்கு நடக்கறது இதே கதைதான்.

[காட்சி: கிளினிக்]

நான் திருப்பூர்ல பிசியோதெரபிஸ்ட்டுங்க. இந்த ஊர்ல எனக்கு வேலைக்கு பஞ்சமே இல்ல, பனியன் கம்பெனில ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டறவங்க, செக்கிங் டேபிள்ல நாள் பூரா நிக்கறவங்க, ஆபீஸ்ல எக்செல் ஷீட்டோட மல்லுக்கட்டற மெர்ச்சண்டைசர் பசங்க, யாரு வந்தாலும் சேர்ல உக்காந்ததும் சொல்ற முதல் வார்த்தை, "நான் கூன் போட்டு உக்கார்றேனுங்க, அதான் வலி." சின்ன வயசுல இருந்து அம்மா முதுகுல ஒரு தட்டு தட்டி "நிமிந்து உக்காரு"ன்னு சொல்லி சொல்லியே வளத்திருக்காங்கல்ல, அதனால வலி வந்தா அது நாமளே தேடிக்கிட்டதுன்னு ஒரு குத்த உணர்ச்சியோடதான் வர்றாங்க. அது பாதி உண்மைங்க. மீதி பாதிய சொன்னா எங்க ஆளுங்களே சில பேர் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க, பரவால்ல, சொல்லிடறேன்.

[காட்சி: முதுகெலும்பு மாடல்]

முதல்ல உண்மையான பாதி. கழுத்துல 7 எலும்பு, அதுக்கு கீழ நெஞ்சுப்பகுதில 12, குறுக்குல 5. நடுநடுவுல மெத்தை மாதிரி டிஸ்க், நம்மூர்ல ஜவ்வுன்னு சொல்றது இதத்தான். இதெல்லாம் சும்மா அடுக்கி வச்ச செங்கல் கிடையாது, சுத்தியும் தசை இழுத்து பிடிச்சுட்டு இருக்கு. தலை முன்னாடி சாயச் சாய பின்னாடி இருக்கற தசை அந்தளவுக்கு இழுத்துப் பிடிக்கணும், இல்லன்னா தாடை நெஞ்சுல போய் விழுந்துரும். 2014ல நியூயார்க்ல கென்னத் ஹன்ஸ்ராஜ்னு ஒரு முதுகெலும்பு சர்ஜன் இத கணக்கு போட்டு வெளியிட்டாரு. 15 டிகிரி குனிஞ்சா கழுத்து மேல சுமார் 12 கிலோ பாரம், 30 டிகிரிக்கு 18, 45க்கு 22, 60 டிகிரி குனிஞ்சா 27 கிலோ, அதாவது பாதி சிமெண்ட் மூட்டைக்கும் மேல. வாட்ஸாப்ல சுத்துற அந்த குனிஞ்ச மண்டை படம் எல்லாம் இதுல இருந்து வந்ததுதான்.

ஆனா ஒண்ணு கவனிக்கணும், அது கம்ப்யூட்டர் மாடல்ல போட்ட கணக்கு. யாரோட கழுத்துலயும் மெஷின் வச்சு அளக்கல, அவங்களுக்கு வலி இருந்துச்சா இல்லையான்னும் கேக்கல. பாரம் கூடுதுங்கறது சரி, பாரம் கூடுனா வலி வந்தே தீரும்னு அதுல இல்ல. பாரத்தால மட்டும் வலி வரும்னா ஜிம்முக்கு போற எல்லாரும் படுத்த படுக்கையாதான் இருக்கணும்.

இப்ப சண்டைக்கு வர்ற பாதி. ஆஸ்திரேலியால 17 வயசு பசங்க ஆயிரம் பேருக்கு மேல உக்கார வச்சு போட்டோ எடுத்து, யாரு நிமிந்து உக்கார்றா, யாரு கூன் போட்டு தலைய முன்னாடி நீட்டி உக்கார்றான்னு பிரிச்சு பாத்தாங்க. கழுத்து வலிக்கும் அதுக்கும் சம்பந்தமே தெரியல. சரி, பின்னாடி வருமோ என்னவோன்னு அதுல பல பேர 22 வயசுல திரும்ப கேட்டாங்க. பையனுங்ககிட்ட வித்தியாசமே இல்ல. பொண்ணுங்ககிட்டதான் ஆச்சரியம், 17 வயசுல கூன் போட்டு உக்காந்தவங்களுக்கு, விறைப்பா நிமிந்து உக்காந்தவங்கள விட கழுத்து வலி கம்மியா இருந்துச்சு. இத எங்கம்மாகிட்ட சொன்னேன், "அந்த ஊரு புள்ளைங்களுக்கு அப்படி, நீ நிமிந்து உக்காரு"ன்னுட்டாங்க.

குறுக்குக்கும் ஒரு பழைய படம் இருக்கு, நிறைய கிளினிக் சுவர்ல பாத்திருப்பீங்க, படுத்தா இவ்வளவு, நின்னா இவ்வளவு, உக்காந்தா அதவிட அதிகம், குனிஞ்சு உக்காந்தா ரொம்ப அதிகம்னு டிஸ்க்ல விழுற அழுத்தம் போட்டிருக்கும். ஸ்வீடன்ல ஆல்ஃப் நாக்கம்சன்ங்கற டாக்டர் 1960கள்ல டிஸ்க்குக்குள்ளயே ஊசி வச்சு அளந்தது, அந்த காலத்துக்கு பெரிய வேலை, அதுல சந்தேகமே இல்ல. அப்புறம் 1999ல ஜெர்மனில வில்கேன்னு ஒருத்தரோட டீம் புது சென்சார் வச்சு திரும்ப அளந்தாங்க. நிக்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்த அளக்கற அலகு), சும்மா உக்காந்தா 0.46. சேர்ல சரிஞ்சு சாஞ்சு உக்காந்தா இன்னும் குறைஞ்சு 0.27. ஒரே ஒரு ஆள வச்சு பண்ணதுதான், அதனால அதையும் கல்வெட்டா எடுத்துக்க வேணாம், ஆனா "உக்காந்தாலே ஜவ்வு நசுங்கிரும்"னு பயமுறுத்தறதுக்கு அதுக்கப்புறம் பெருசா இடமில்ல. அதே சோதனைல 20 கிலோவ முதுக வளச்சு தூக்கினப்ப 2.3, உடம்போட ஒட்டி பிடிச்சப்ப 1.1. திரும்பவும் நம்ம எண்ணெய் கேன் கதை.

அப்ப வலி எங்கிருந்துதாங்க வருது? நேரத்துல இருந்து. எந்த மாதிரி உக்காந்தீங்கங்கறத விட எவ்வளவு நேரம் அசையாம அப்படியே இருந்தீங்கங்கறதுதான் நான் முதல்ல கேக்கற கேள்வி. தசை கொஞ்சமா இறுகினாலும் மணிக்கணக்கா இறுகியே இருந்தா அங்க ரத்த ஓட்டம் குறையும், களைச்சுப் போகும், கடுக்கும். டிஸ்க்குக்கு பெரியவங்க ஆனப்புறம் நேரடியா ரத்தக்குழாயே பெருசா கிடையாது, அமுங்கி விரியும்போதுதான் ஸ்பாஞ்ச் மாதிரி சத்த இழுத்துக்கும். ராத்திரி படுத்திருக்கும்போது தண்ணி இழுத்து உப்பும், பகல்ல கொஞ்சம் கொஞ்சமா வடியும், அதனாலதான் சாயங்காலத்த விட காலைல நீங்க ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் உயரம் அதிகம். எழுந்த உடனே குறுக்கு கட்டை மாதிரி இருக்கறதுக்கும் இது ஒரு காரணம், அதனால குடம் தூக்கறது, கேஸ் சிலிண்டர் நகத்தறது எல்லாம் கொஞ்சம் நடமாடிட்டு அப்புறம் வச்சுக்கங்க.

[காட்சி: ஸ்டூல், தையல் மெஷின்]

போன வருசம் ஒரு அக்கா வந்தாங்க, ஓவர்லாக் டெய்லர், நாப்பது வயசு இருக்கும், வலது தோள்பட்டைல இருந்து காதுக்கு பின்னாடி வரைக்கும் வலி, கூடவே குறுக்கு. ஆன்லைன்ல ஏதோ நிமித்தி பிடிக்கற பெல்ட் வாங்கி போட்டு மூணு வாரம் ஆச்சு, வலி அப்படியே இருக்கு, அக்குள்ல தோல் உரிஞ்சதுதான் மிச்சம். "அக்கா, மெஷின்ல எப்படி உக்காருவீங்கன்னு இங்க செஞ்சு காட்டுங்க"ன்னேன். ஸ்டூல்ல உக்காந்தாங்க, சாயறதுக்கு ஒண்ணும் கிடையாது. வலது கால் பெடல்ல. கண்ணு ஊசில. இடது பக்கம் தரைல பண்டல், அதுல இருந்து குனிஞ்சு திரும்பி பீஸ் எடுக்கறாங்க, தைக்கறாங்க, வலது பக்கம் தள்றாங்க, திரும்ப இடது பக்கம் குனியறாங்க. தைக்கும்போது ரெண்டு தோளும் காது வரைக்கும் ஏறி நிக்குது, அது அவங்களுக்கே தெரியல. தோள இறக்குங்கக்கான்னதும் இறக்கிட்டு, "அட, இவ்வளவு நேரம் தூக்கியா வச்சிருந்தேன்"ங்கறாங்க. எத்தன நேரம் இப்படின்னு கேட்டா ஒன்றரை ஷிப்ட், பீஸ் ரேட் வேற, எந்திரிச்சா காசு போகும். பண்டல் தீந்தா ஹெல்ப்பர் பையன் அடுத்தத கொண்டாந்து பக்கத்துலயே போட்டுருவான், ஆக சோத்துக்கும் டீக்கும் தவிர எந்திரிக்கற வேலையே இல்ல.

இவங்ககிட்ட போய் "நிமிந்து உக்காருங்க"ன்னு சொல்றதுல என்ன அர்த்தம் இருக்குங்க? நிமிந்தா ஊசி தெரியாது. நான் ரெண்டே விஷயம்தான் மாத்த சொன்னேன். தரைல இருக்கற பண்டல் ஒரு ஸ்டூல் மேல ஏறணும், அப்ப இடுப்ப முறுக்கிட்டு குனியறது நிக்கும். ஒவ்வொரு பண்டல் முடியும்போதும் எந்திரிச்சு நிக்கணும், அரை நிமிஷம் போதும், கைய தலைக்கு மேல தூக்கி தோள ரெண்டு சுத்து சுத்தினா போதும்.

கூட ஒரு எக்சர்சைஸ். ரப்பர் பேண்ட கால்ல மிதிச்சுட்டு ரெண்டு கையையும் பக்கவாட்டுல தோள் உயரத்துக்கு தூக்கி இறக்கறது, தினமும் ரெண்டு நிமிஷம். சிரிக்காதீங்க, டென்மார்க்ல கழுத்து, தோள் வலி அடிக்கடி வர்ற ஆபீஸ்காரங்க 198 பேர வச்சு பத்து வாரம் இதத்தான் பண்ண வச்சாங்க, வாரத்துல அஞ்சு நாள், ஒரு குரூப்புக்கு 2 நிமிஷம், இன்னொண்ணுக்கு 12 நிமிஷம், ரெண்டு குரூப்புக்குமே வலி குறைஞ்சுது, 2011ல வந்த ஆராய்ச்சி. முக்கால் மணி நேரம் பண்ண சொன்னா யாரும் பண்ண மாட்டாங்க, ரெண்டு நிமிஷம்னா குக்கர் விசில் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

லேப்டாப் ஆளுங்களுக்கும் இதேதான். லேப்டாப்போட கோளாறு என்னன்னா ஸ்க்ரீனும் கீபோர்டும் ஒட்டி இருக்கறது, ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு கெடும். அடில நாலு தடிச்ச புக்க வச்சு ஸ்க்ரீன கண்ணு மட்டத்துக்கு ஏத்திட்டு தனி கீபோர்ட், மவுஸ் போட்டுக்கங்க, முப்பதாயிரம் ரூபா சேர் அப்புறம் பாத்துக்கலாம். அரை மணிக்கு ஒருக்கா எந்திரிங்க. போன் வந்தா நடந்துட்டே பேசுங்க. கூன் போடணும்னு தோணுதா, போடுங்க, தப்பே இல்ல, அதுலயே ரெண்டு மணி நேரம் இருக்காதீங்க.

ஸ்கேன் பாத்து பயப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை. "தேய்மானம்"னு ரிப்போர்ட்ல பாத்ததும் பாதி உயிர் போயிருது. வலியே இல்லாத ஆளுங்கள ஸ்கேன் எடுத்து பாத்ததுல 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்துச்சு, 80 வயசுல 96 சதவீதம். தலை நரைக்கற மாதிரிதான் அதுவும். சரியா தூங்காம, மனசுல பாரத்தோட, அசையவே பயந்துட்டு இருந்தா அதே ஜவ்வு இன்னும் அதிகமா வலிக்கும், அதுவும் நெஜம்.

அப்புறம் சலூன்ல கட்டிங் முடிச்சுட்டு கழுத்த சடக்குனு ஒரு திருப்பு திருப்பி சொடக்கு எடுப்பாங்க பாருங்க, தயவு செஞ்சு வேண்டாங்க. கழுத்தெலும்பு வழியா மூளைக்கு போற ரத்தக்குழாய் இருக்கு, அது கிழிஞ்சு பக்கவாதம் வரைக்கும் போனது உண்டு.

இத்தன நேரம் பயப்படாதீங்கன்னு சொன்னேன், ஆனா இதுல ஏதாவது இருந்தா எக்சர்சைஸ் வீடியோ பாத்துட்டு இருக்காம டாக்டர்கிட்ட ஓடுங்க. மூத்திரம், மோஷன் கட்டுப்படாம போறது இல்ல மூத்திரம் போகவே முடியாதது, தொடை நடுவுல மரத்துப் போறது, கை கால்ல பலம் குறையறது, இதெல்லாம் அன்னைக்கே பாக்க வேண்டியது, விடியட்டும்னு இருக்கக் கூடாது. வலியோட காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, கீழ விழுந்தப்புறம் வந்த வலி, முன்னாடி கேன்சர் இருந்தவங்களுக்கு புதுசா வர்ற வலி, இதையும் தள்ளிப்போடாதீங்க.

அந்த அக்கா ரெண்டு மாசம் கழிச்சு வந்தாங்க. தோள் வலி நல்லாவே குறைஞ்சிருச்சு, குறுக்கு மட்டும் தீபாவளி ஆர்டர் நேரத்துல திரும்ப எட்டிப் பாத்துச்சாம். ஸ்டூல் மேல பண்டல் வச்சாச்சு, ரப்பர் பேண்ட் எக்சர்சைஸ் வாரத்துல மூணு நாள் நடக்குது, எந்திரிக்கறதுக்குதான் அவங்களா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. ஹெல்ப்பர் பையன்கிட்ட "நீ கொண்டாராத தம்பி, எம்பட பண்டல நானே எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டாங்களாம். அவன் பாவம், அக்காவுக்கு தன் மேல ஏதோ கோவம்னு நெனச்சு நாலு நாளா டீ வாங்கி குடுத்துட்டு இருக்கானாம்.