அட்சரக்கூட்டைத் திறந்து பார்த்த கதை

வணக்கம் மக்கள். கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில், வாவிக்கரையில் இருந்து கதைக்கிறேன். இன்றைக்குக் காற்று கொஞ்சம் கூட. மைக்கில் லேஞ்சியைச் சுற்றி வைத்திருக்கிறேன், இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் வேலை செய்த காலத்தில், ஊர் மட்டக்களப்பு என்று சொன்னதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பாயோட ஒட்டிப்போடுவீங்களாமே?" மந்திரம் போட்டு விருந்தாளியைப் பாயோடு ஒட்டிவிடுவோமாம். நான் இன்றுவரை ஒருத்தரையும் ஒட்டவில்லை. சோறு கறியில் மயங்கி ஒட்டிப்போனவர்களை வேண்டுமானால் காட்டலாம்.

சரி, விஷயம் இதுதான். மாந்திரீகத்தில் வருகிற கோடு, கட்டம், எழுத்து, உருவம், இதெல்லாம் மனதுக்குள் எப்படி வேலை செய்கிறது? தகட்டில் சக்தி இருக்கிறதா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பார்க்கிற மனதில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பேசுவோம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது இருட்டு என்றால் உயிர் போகிற பயம். அம்மம்மா என்னை ஒரு பூசாரியாரிடம் கூட்டிக்கொண்டு போனா. அவர் தண்ணீர் ஓதித் தெளித்தார், தேசிக்காய் வெட்டினார், கடைசியில் கறுப்பு நூலில் அட்சரக்கூடு, அதாவது தாயத்து, ஒன்றைக் கட்டிவிட்டார். என் சின்னவிரலில் பாதி நீளம், இரண்டு பக்கமும் மெழுகால் அடைத்தது. இரவில் கிணற்றடிக்குப் போகும்போது அதைப் பிடித்துக்கொள்வேன். பயம் ஓடிவிடும். உண்மையாகவே ஓடிவிடும்.

"திறந்து பாராத மனே" என்று அம்மம்மா சொல்லியிருந்தா. பள்ளியில் ஓஎல் பரீட்சைக்குப் படிக்கிற வயதில் எனக்கு வந்த அறிவுக்கொழுப்பில், காம்பஸ் முனையால் மெழுகைக் குடைந்தேன். உள்ளே சுருட்டிய செப்புத்தகடு. விரித்தால் கட்டங்கள், கட்டத்துக்குள் எழுத்துகள், ஒரு மூலையில் ஆணி வழுக்கின கீறல். அவ்வளவுதான். அந்தக் கீறலைக் கண்டதில் இருந்து கூட்டைப் பிடித்தால் எனக்குச் செம்பு மட்டும்தான் தெரிந்தது. கிணற்றடி திரும்பவும் இருட்டாகிவிட்டது.

அந்தத் தகட்டை அப்படிப் பூட்டி வைத்தது ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். நம் பக்கத்தில் எதைப் பார்த்தாலும் மூடித்தான் வைத்திருக்கிறார்கள். மண்டூர் முருகன் கோயிலில் திரைக்குப் பின்னால், கப்புகனார் என்கிற பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். கதிர்காமத்தில் ஆடிப் பெரஹரா ஊர்வலத்தில் யானை மேல் வருவது சிலை இல்லை, யந்திரம், அதாவது மந்திரக் கட்டம் கீறிய தகடு, இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு பேழை. அதைப் பார்க்க நம் ஆட்கள் உகந்தை, குமணக் காடு வழியாக நடந்து போகிறார்கள்! கண்ணகி அம்மன் கோயில்களிலோ வைகாசியில் 'திருக்கதவு திறத்தல்' என்று கதவு திறப்பதே ஒரு சடங்கு. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் எங்கே போனாலும் அம்மனைக் குளிரவைக்கிற கடைசிச் சடங்கான குளிர்த்தி முடிந்தால் அடுத்த வைகாசிக்குத்தான். அந்த உடுக்குச் சத்தமும் வேப்பிலை மணமும் வருகிற நேரம் உடம்பு சிலிர்ப்பது, ஒரு வருடம் காத்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன். தினமும் திறந்து கிடந்தால் சிலிர்க்குமா?

நான் ஒருமுறை ஸ்ரீசக்கரம் என்கிற, முக்கோணங்கள் பின்னிய அம்மன் யந்திரப் படத்தை போன் முகப்பில் வைத்தேன், பார்க்கும்போதெல்லாம் மனம் ஒருமைப்படும் என்று. மூன்று நாள் நன்றாக இருந்தது. பத்தாம் நாள் சக்கரத்தைக் காணவே இல்லை, அதன் மேல் இருந்த பேட்டரி அளவு மட்டும்தான் கண்ணில் பட்டது. ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி நாய்களை வைத்துச் செய்ததும் இதுவே. சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று பழகிய நாய்க்கு வாயூறும். சாப்பாடே கொடுக்காமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஊறுவது நின்றுபோகும். என் போனும் அப்படித்தான், ஒரு நாளைக்கு நூறு தடவை சத்தம், சாப்பாடு பூச்சியம்.

இப்போது ஒரு சின்ன வேலை. கொப்பி மட்டையில் வெட்டின மஞ்சள் சதுரம் இது, கேமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன். கண்ணைச் சிமிட்டாமல் முப்பது விநாடி பாருங்கள். இப்போது வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலமோ ஊதாவோ ஒரு சதுரம் மிதக்கிறதா? கண்ணுக்குள் நிறம் உணர்கிற செல்கள் மஞ்சளுக்குக் களைத்துப்போனதால் வருகிற எதிர்நிறம் அது. 1888இல் லண்டனில் தொடங்கின கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தார் இதைத்தான் பயிற்சியாகச் செய்தார்கள். மஞ்சள் சதுரம் நிலம், பிறை நீர், சிவப்பு முக்கோணம் தீ. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள், நம் பக்கத்துச் சரக்குத்தான் கப்பலேறிப் போயிருக்கிறது. அட்டையை எடுத்த பிறகு மிதக்கிற உருவத்தை வாசலாக நினைத்து மனதால் உள்ளே நுழைவார்கள். ஐரிஷ் கவிஞர் யேட்ஸும் அங்கே இருந்தவர். அட்டை இருக்கும்போது ஒன்றுமில்லை, அட்டை போன பிறகுதான் வேலை ஆரம்பம் என்பது எனக்குப் பிடித்த இடம்.

ஆஸ்டின் ஸ்பேர் என்ற ஆங்கில ஓவியர் 1913இல் எழுதிவைத்த முறை இன்னும் சுருக்கம். விருப்பத்தை ஒரு வசனமாக எழுது, திரும்ப வருகிற எழுத்தை வெட்டு, மிச்சத்தைப் பின்னி ஒரே கோட்டுருவமாக வரை. மனதைக் குவித்துப் பார்த்துவிட்டு அதை மறந்துவிடு. நான் தமிழில் செய்து பார்த்தேன். கேமரா முன் எனக்கு வாய் பதறும், அதனால் "நிதானமாகக் கதை". உயிர்க்குறிகளை எடுத்துவிட்டு, திரும்ப வருகிற க, த இரண்டையும் வெட்டினால் ந, த, ன, ம, க. ஐந்தையும் பின்னினேன். வாவியில் மிதக்கிற ஆமை மாதிரி வந்தது.

அதைச் சுவரில் ஒட்டவில்லை. லென்ஸ் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கரையில் நடந்து, மூச்சு அடங்கின பிறகுதான் மூடியைக் கழற்றுவேன். ஒரு விநாடி பார்த்துவிட்டுப் பையில் போட்டுவிடுவேன். மந்திரமோ பழக்கமோ தெரியாது, இப்போது குரல் நடுங்கவில்லை, கேட்கிறீர்கள்தானே.

ஒன்று மட்டும். பயங்காட்டி, வினை இருக்கிறது என்று சொல்லிக் காசு பிடுங்குகிறவர்களிடம் போய் இதைப் படிக்காதீர்கள். அது வேறு வியாபாரம்.

அந்த ஆமையைக் காட்டு என்று கமெண்ட் போடுவீர்கள், தெரியும். காட்டமாட்டேன். வெளிச்சம் போகிறது, மூடியைப் போடுகிறேன்.