ஹூஸ்டன் பாட்டை மெதுவாக்கிய கதை

நண்பர்களே, வணக்கம். ஹிப் ஹாப் என்றதும் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். நான் பேசப்போவது டெக்சாஸில் உள்ள ஹூஸ்டனைப் பற்றி.

1986-இல் ஜே. பிரின்ஸ் அங்கே ராப்-எ-லாட் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கெட்டோ பாய்ஸ் என்ற ராப் குழு நாடெங்கும் தெரிந்தது அதன் வழியாகத்தான். ஆனால் 'இது ஹூஸ்டன்' என்று கேட்டவுடன் சொல்லிவிடக்கூடிய ஓசை, 90-களின் தொடக்கத்தில் ஒரு வீட்டுக்குள் பிறந்தது. உருவாக்கியவர் டிஜே ஸ்க்ரூ.

அவர் செய்தது இதுதான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில், அதாவது தட்டைச் சுழற்றும் கருவிகளில், ஓட விடுவார். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பின்தங்கி ஓடும். இதிலிருந்து அதற்குத் தாவினால், பாடி முடித்த சொல் மறுபடி வந்து விழும். அப்புறம் மொத்தத்தையும் வேகம் குறைத்து கேசட்டில் பதிவு செய்வார். குரல் தடித்துவிடும், பேஸ் என்னும் அடித்தொனி நெஞ்சில் இடிக்கும். கார் இல்லாமல் நகர முடியாத, பரந்து கிடக்கிற ஊர் அது. மிட்டாய் நிறப் பெயின்ட் அடித்த 'ஸ்லாப்' கார்களில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரங்களோடு ஊர்ந்து போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இசை ஏது!

கேசட்டுகளை வீட்டு வாசலிலேயே விற்றார். பேட்டைப் பையன்கள் வந்து, தங்கள் தெருப் பெயரைச் சொல்லி, தோன்றியதைப் பாடினார்கள். 1996-இல் ஒரு நண்பரின் பிறந்தநாளுக்குப் பதிவான 'ஜூன் 27' அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. எந்த வானொலி போடும் இதை? 2020-இல் மினியாபோலிஸ் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டும், 'பிக் ஃபிளாய்டு' என்ற பெயரில் இந்தக் கேசட்டுகளில் பாடியவர்தான்.

இந்த வட்டாரத்தில் போதைக்காகக் குடித்த, கோடீன் கலந்த இருமல் மருந்தையும் சொல்லியாக வேண்டும். 2000 நவம்பரில் ஸ்க்ரூ இறந்தபோது வயது 29. காரணம் போதை மருந்துகள். அதற்காக, மருந்தால்தான் இந்த இசை வந்தது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். கையில் அவ்வளவு நிதானம் வேண்டிய வேலை இது.

ஊரின் வடபகுதியில் ஸ்விஷாஹவுஸ் என்ற இசை நிறுவனம் அதே பாணியைத் தனதாக்கிக்கொண்டது. 2005 வாக்கில் ஹூஸ்டன் ராப் பாடகர்கள் மைக் ஜோன்ஸ், பால் வால், ஸ்லிம் தக் எல்லாரும் நாடு முழுக்க ஒலித்தார்கள். பிறகு டொரன்டோவின் டிரேக்கும் நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த ஏசாப் ராக்கியும் அந்த மந்த கதியை வெளிப்படையாகவே எடுத்தாண்டார்கள். கடன் வாங்கினார்களா, களவாடினார்களா என்று சண்டை உண்டு. மரியாதையோடு பெயர் சொன்னால் கடன் என்பேன்.

ஸ்க்ரூவின் இசைத்தட்டுகள் இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 2016-இல் வந்த 'மூன்லைட்' படத்தில் இசையமைப்பாளர் நிக்கோலஸ் பிரிட்டெல், வயலினையும் செல்லோவையும் இதே முறையில் இழுத்துத் தாழ்த்தினார். கதை நடப்பதோ மயாமியில்!