முருங்கை விதையும் ராட்சத ஆமையும்

மொரீஷியஸ் வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செடியின் பகுதிகளையும் விதை பரவும் விதத்தையும் எப்படிக் கற்பிக்கலாம் என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வேர், தண்டு, இலை, பூ, காய், விதை என்று படத்தைக் காட்டி ஒப்பிக்கச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி ஒப்பித்த பிள்ளை கேரட்டையும் வேர் என்னும், உருளைக்கிழங்கையும் வேர் என்னும். உருளைக்கிழங்கின் கண்களிலிருந்து முளை கிளம்புவதைக் காட்டினால்தான் அது மண்ணுக்குள் பருத்த தண்டு என்பது விளங்கும். ஆகவே, இரவு முழுவதும் ஊறவைத்த மொச்சையிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். தோலை நகத்தால் உரித்துப் பருப்பை மெல்லப் பிளந்தால், ஒரு பாதியின் ஓரத்தில் சிறிய முளைக்கரு ஒட்டியிருக்கும். அதன் ஒரு முனை வேராக வளரும், மறுமுனையில் மடிந்த குருத்திலைகள் கண்ணுக்கே தெரியும். இதைத் தன் கையில் பார்த்த பிள்ளை வேரையும் இலையையும் மறக்காது.

அடுத்த கேள்வி, விதை ஏன் தாய்மரத்தை விட்டு விலக வேண்டும் என்பது. மரத்தடியிலேயே விழுந்தால் வெளிச்சத்துக்கும் நீருக்கும் தாயோடு போட்டியிட நேரும். நம் முற்றத்து முருங்கையின் காய் நன்றாக உலர்ந்து வெடித்ததும் உள்ளேயிருந்து மூன்று மெல்லிய சிறகுகள் கொண்ட விதைகளை எடுக்கலாம். ஒன்றை அப்படியே விட்டு, மற்றொன்றின் சிறகுகளைக் கத்தரித்து, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து போடச் சொல்லுங்கள். பிள்ளைகளே விடை சொல்வார்கள். தேங்காயை நீரில் மிதக்கவிட்டால் அதன் நார் மட்டை எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

விலங்குகளால் விதை பரவுவதைச் சொல்ல நம் தீவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இங்கு வாழ்ந்த இரண்டு வகை ராட்சத நில ஆமைகள் மனிதர் குடியேறிய பின் அழிந்துபோயின. மாயேபூருக்கு அருகிலுள்ள எக்ரெத் தீவில் கருங்காலி மரங்கள் விறகுக்காகவும் வெட்டப்பட்டன. எஞ்சிய மரங்கள் பழுத்தும், பழத்தைத் தின்று விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல ஆமை இல்லாததால், வெட்டப்பட்ட பகுதிகளில் புதுக் கன்றுகள் தோன்றவில்லை. 2000ஆம் ஆண்டில், செஷல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவுக்குரிய ராட்சத ஆமைகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் சாணத்தோடு தீவெங்கும் விழுந்த விதைகள் முளைத்தன. ஆமையின் வயிற்றுக்குள் சென்று வந்த விதைகள் மேலும் நன்றாக முளைப்பதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நம் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவை தின்றால்தான் இங்குள்ள தம்பலகோக் மரத்தின் விதை முளைக்கும் என்ற கதையைப் பலரும் வகுப்பில் சொல்கிறார்கள். 1977இல் முன்வைக்கப்பட்ட அக்கருத்தைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. டோடோ இல்லாமலும் அவ்விதை முளைக்கும். சுவையாக இருக்கிறது என்பதற்காக அதை உண்மையாகச் சொல்லிவிடக் கூடாது.

ஆமை கருங்காலியைப் பரப்பியது போலவே, விலங்குகள் வழியாகத்தான் சீனக் கொய்யாவும் பரவுகிறது. பிரேசிலிலிருந்து வந்த அச்செடியின் பழங்களைப் பறவைகளும் குரங்குகளும் காட்டுப்பன்றிகளும் தின்று விதைகளைக் காடெங்கும் சேர்க்க, அது அடர்ந்து வளர்ந்து நம் மண்ணுக்குரிய கன்றுகளை நெருக்குகிறது. பழம் பறிக்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், ஒரு பழத்தைப் பிளந்து விதைகளை எண்ணச் சொல்லி, இவற்றை யார் யார் தூக்கிச் செல்வார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.