தூத்துக்குடி மக்ரூன்: மூன்று பொருளும் கொஞ்சம் காற்றும்

(காட்சி: வெள்ளைக் காகிதம் விரித்த தட்டில் வரிசையாக மக்ரூன்கள். ஒரு கை ஒன்றை எடுத்து உடைக்கிறது. உள்ளே முழுக்கப் பொடிப்பொடியான காற்றறைகள்.)

வணக்கம். தூத்துக்குடிக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் தேடுவது இந்தப் பொட்டலத்தைத்தான். அடி அகன்று, நுனி கூம்பி, வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும் மக்ரூன். பல் பட்டதும் மொறுமொறு என்று நொறுங்கும். அடுத்த நொடியே நாக்கில் கரைய ஆரம்பித்துவிடும். சீனியெல்லாம் கரைந்த பிறகு முந்திரித் துகள் மட்டும் கொஞ்சம் தங்கி நிற்கும். அந்தத் துகளை மென்றுகொண்டே கை அடுத்ததை எடுக்கப் போய்விடும்.

இதில் சேர்ப்பது முட்டையின் வெள்ளைக் கரு, சீனி, முந்திரி. அவ்வளவுதான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. கேக்கிலும் பிஸ்கட்டிலும் பண்டத்தைத் தாங்கி நிறுத்துகிற மாவே இல்லாமல் இது எப்படிக் கூம்பாக நிற்கிறது? எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறது? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம். நம் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பண்டங்களிலேயே அதிகக் கைப்பக்குவம் கேட்பது மக்ரூன்தான் என்பது என் கருத்து. முழுவதும் பார்த்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

(காட்சி: பழைய கடற்கரை வரைபடம். தூத்துக்குடி துறைமுகம்.)

முதலில் கொஞ்சம் ஊர்க்கதை. தூத்துக்குடி இருக்கிற முத்துக்குளித்துறைக் கடற்கரைக்குப் போர்த்துக்கீசியர்கள் 1530களில் வந்து சேர்ந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1825-ல் அது முழுமையாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. முட்டையும் சீனியும் சேர்த்துச் சுடுகிற பழக்கம் இந்த மூன்று நாட்டாருக்குமே உண்டு. மக்ரூனைப் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள். இதில் இன்னொரு சுவையான சங்கதி இருக்கிறது. முந்திரியின் பூர்வீகம் பிரேசில். 16-ஆம் நூற்றாண்டில் அந்த மரத்தை இந்தியாவுக்குக் கொண்டு வந்ததும் போர்த்துக்கீசியர்கள்தான். ஐரோப்பாவில் மக்ரூன் என்றால் பாதாம் போட்டதுதான். பாதாம் இங்கே எப்போதுமே விலை கூடிய சரக்கு. முந்திரிக்கு அந்தப் பக்கம் கொல்லம் இருக்கிறது, இந்தப் பக்கம் பண்ருட்டி இருக்கிறது. அப்படித்தான் பாதாம் இருந்த இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்தது.

பாரிஸ் கடைகளில் பச்சை, ரோஸ், ஊதா என்று விற்கிற மக்ரோனும் இதுவும் ஒன்றா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பாதாம் மாவில் செய்த இரண்டு வட்டுகளுக்கு நடுவே கிரீம் வைத்தது. அதற்கான கலவை கொஞ்சம் இளகி, தட்டில் தானாகப் பரவ வேண்டும். நம் மக்ரூன் கலவை பரவினால் அன்றைய வேலை போச்சு. செய்முறையை வைத்துப் பார்த்தால் மெரிங்குதான் இதற்கு நெருங்கிய சொந்தம். போர்த்துகலில் சுஸ்பிரோ என்று ஒரு மெரிங்கு உண்டு. வெள்ளைக் கருவையும் சீனியையும் அடித்து, சிறுசிறு கூம்பாகப் பிழிந்து, அடுப்பில் உலர்த்தி எடுப்பார்கள். அதில் முந்திரித் தூளைக் கலந்தால் ஏறக்குறைய நம் பண்டமே வந்துவிடும்.

(காட்சி: கண்ணாடிப் பாத்திரத்தில் முட்டையை உடைத்து வெள்ளையைத் தனியே பிரிக்கிறோம். மெதுவான வேகத்தில் விஸ்க் சுழல்கிறது.)

சரி, விஷயத்துக்கு வருவோம். வெள்ளைக் கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் புரதம். இந்தப் புரதங்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். நாம் விஸ்க்கை வைத்து அடிக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. காற்று குமிழ் குமிழாக உள்ளே போகிறது. அடிக்கிற வேகத்தில் சுருண்டு கிடந்த புரதமும் பிரிந்து நீள்கிறது. அப்படிப் பிரிந்த புரதத்தின் சில பகுதிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சில பகுதிகளுக்குப் பிடிக்காது. தண்ணீர் பிடிக்காத பகுதி காற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஆகவே தண்ணீரும் காற்றும் சந்திக்கிற எல்லையில், அதாவது ஒவ்வொரு குமிழையும் சுற்றி, புரதங்கள் வந்து வரிசை கட்டி ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. குமிழுக்கு ஒரு சுவர் கிடைத்துவிடுகிறது. நன்றாக அடித்தால் வெள்ளைக் கரு ஆறு முதல் எட்டு மடங்கு வரை பொங்கும்.

இந்தச் சுவருக்கு ஆகாதது கொழுப்பு. மஞ்சள் கருவில் கால் பங்குக்கு மேல் கொழுப்புதான். அது வெள்ளையில் கலந்தால், குமிழின் ஓரத்தில் புரதம் நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவர் கட்ட விடாது. அதனால்தான் ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்து, வெள்ளையில் மஞ்சள் கசியவில்லை என்று பார்த்த பிறகு பெரிய பாத்திரத்தில் ஊற்றச் சொல்கிறோம். பிளாஸ்டிக் பாத்திரமும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ எடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையாக இருந்தால், குளிர்ச்சியாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள், அப்போதுதான் மஞ்சள் உடையாமல் வரும். அடிப்பதற்கு மட்டும் குளிர்ச்சி போகும்வரை வெளியே வையுங்கள்.

(காட்சி: நுரை வெளுத்து வருகிறது. ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனித்தூள் விழுகிறது.)

இப்போது சீனி. இனிப்புக்குத்தானே என்று நினைப்போம், அதைவிடப் பெரிய வேலை அதற்கு இருக்கிறது. குமிழ்களுக்கு இடையே இருக்கிற தண்ணீர் எப்போதும் கீழே வடியத்தான் பார்க்கும். அது வடிந்தால் நுரை காய்ந்து உடைந்துபோகும். சீனி அந்தத் தண்ணீரில் கரைந்து பாகு ஆனதும் வடிகிற வேகம் குறைந்துவிடுகிறது. நுரைக்குப் பளபளப்பும் கெட்டியும் வருவது அதனால்தான். ஆனால் ஆரம்பத்திலேயே மொத்தச் சீனியையும் கொட்டினால் புரதம் விரிந்து கோத்துக்கொள்ள ரொம்ப நேரம் எடுக்கும், நுரையும் குறையும். முதலில் வெறும் வெள்ளையை அடியுங்கள். விஸ்க் போன தடம் நுரையில் அழியாமல் தெரிய ஆரம்பித்ததும் ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். பொடித்த சீனியாக இருந்தால் சீக்கிரம் கரையும்.

போதுமா என்று பார்க்க, இரண்டு விரலுக்கு நடுவே நுரையைத் தொட்டுத் தேயுங்கள். நறநறவென்று இருந்தால் இன்னும் சீனி கரையவில்லை. வழவழவென்று இருந்தால் விஸ்க்கைத் தூக்கிப் பாருங்கள், நுனி சாயாமல் நிற்க வேண்டும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் அடித்தால் புரதங்கள் அளவுக்கு மீறி இறுகி, பிடித்து வைத்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நுரை திரிதிரியாகி அடியில் நீர் கட்டும். அடிக்கத் தொடங்கும்போதே சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அதன் புளிப்பு இப்படி இறுகிப்போவதைத் தள்ளிப்போடும்.

(காட்சி: மிக்ஸி ஜாரில் முந்திரி. பக்கத்தில் இரண்டு தட்டுகள். ஒன்றில் ரவைப் பதத்தில் தூள், மற்றதில் எண்ணெய் கக்கிய விழுது.)

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நுரைக்குக் கொழுப்பு ஆகாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன் இல்லையா? 100 கிராம் முந்திரியில் ஏறக்குறைய 44 கிராம் கொழுப்பு! அதைத்தான் இந்த நுரைக்குள் போடப்போகிறோம். பிறகு எப்படி நுரை உயிரோடு இருக்கிறது?

முந்திரியின் எண்ணெய் பருப்பின் சின்னச்சின்ன அறைகளுக்குள்ளே அடைந்து கிடக்கிறது. ரவைப் பதத்தில் உடைத்தால் பெரும்பாலான அறைகள் உடையாமலே இருக்கும். எண்ணெய் வெளியே வராது. நைசாக அரைக்கிறேன் என்று மிக்ஸியை விடாமல் ஓட்டினால் அறைகள் உடைந்து, சூட்டில் எண்ணெய் கக்கி, விழுதாகிவிடும். அந்த விழுது நுரையில் பட்டதும் கண்ணெதிரே தளர்ந்துபோகும். ஆகவே முந்திரியை நன்றாகக் காயவையுங்கள். கையில் எடுத்தால் சூடு தெரியக் கூடாது. விட்டுவிட்டு இரண்டு மூன்று நொடி மட்டும் ஓட்டுங்கள், நடுவில் ஜாரைக் குலுக்கிவிடுங்கள். தூளைக் கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் எண்ணெய் வந்துவிட்டது என்று அர்த்தம். முழுப் பருப்பு வாங்கத் தேவையில்லை, உடைத்த பருப்பே போதும்.

தூளை நுரையின் மேலே தூவி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிவிடுங்கள். கிண்டக் கூடாது. வெள்ளைத் திட்டு தெரியாத அளவுக்குப் புரட்டியதும் விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் காத்திருக்கக் கூடாது. கலந்த நிமிடத்திலிருந்தே நுரை இறங்க ஆரம்பிக்கிறது. தட்டும் காகிதமும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

(காட்சி: கூம்பாகச் சுருட்டிய பட்டர் பேப்பரில் கலவை. தட்டில் ஒவ்வொன்றாகப் பிழிந்து வைக்கிறோம்.)

பழகிய கையில் இது பார்க்கவே அழகு. கூம்பைத் தட்டுக்குச் சற்று மேலே பிடித்து அழுத்துகிறார்கள், அடி அகலமாக உட்காருகிறது. அப்படியே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மேலே இழுத்துச் சட்டென்று விடுகிறார்கள், நுனி வந்துவிடுகிறது. நுனி மடிந்து விழுந்தால் நுரை பதம் தவறியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

(காட்சி: விறகு அடுப்பின் வாய். உள்ளே மங்கலான வெளிச்சம்.)

அடுப்பு. சுடுவது என்று சொன்னாலும் இங்கே நடப்பது முக்கியமாக உலர்த்துவது. பழைய விறகு அடுப்புகளில் ரொட்டியும் பன்னும் எடுத்த பிறகு, தணிந்து வருகிற சூட்டில் மக்ரூன் தட்டுகளை உள்ளே தள்ளி மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சூடு ஏற ஏற வெள்ளைக் கருவின் புரதங்களில் ஒரு வகை 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். அதிகமாக இருக்கிற ஓவல்புமின் 80 டிகிரியை ஒட்டித்தான் இறுகும். மெதுவாகச் சூடேறினால் சுவர்கள் இறுகுவதற்கும் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறுவதற்கும் நேரம் கிடைக்கிறது. அவசரப்பட்டு 180 டிகிரியில் வைத்துப் பாருங்கள். சுவர் இறுகும் முன்பே காற்று விரிந்து வெடிக்கும், மேல்தோல் பழுப்பேறும், உள்ளே பசை மாதிரி ஈரம் தங்கிவிடும்.

வெந்ததும் எடுத்துக் கடித்தால் மெத்தென்று இருக்கும், பயப்பட வேண்டாம். சூட்டில் சீனி இளகிய நிலையில் இருக்கிறது. ஆறும்போதுதான் அது கண்ணாடி போல இறுகி மொறுமொறுப்பைத் தருகிறது. வாயில் போட்டதும் கரைவதற்கும் இதுதான் காரணம். காகிதத்தைவிட மெல்லிய சீனிச் சுவர்கள், நாக்கின் ஈரம் பட்டதும் கரைந்து, உள்ளிருந்த காற்று போய்விடுகிறது.

அதே ஈரம் காற்றிலிருந்து வந்தாலும் கரையத்தான் செய்யும். உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊரில் இந்தப் பண்டம் நிலைத்திருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். தென் மாவட்டங்களுக்கு மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம். மக்ரூனுக்குக் கிராக்கி கூடுகிற கிறிஸ்துமஸும் அப்போதுதான் வருகிறது. அந்த நாட்களில் ஆறிய மக்ரூனைத் திறந்து வைத்தால் சீக்கிரமே மேலே பிசுபிசுத்துவிடும். நன்றாக ஆறவிட்டு உடனே காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். சூட்டோடு கட்டினால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும்.

(காட்சி: வீட்டுச் சமையலறை. சின்ன ஓடிஜி அடுப்பு.)

வீட்டில் செய்ய அளவு சொல்கிறேன். நான்கு முட்டையின் வெள்ளைக் கரு, அதாவது சுமார் 120 கிராம். பொடித்த சீனி 200 கிராம். முந்திரித் தூள் 150 கிராம். சீனி கூடுதலாகத் தெரிகிறதே என்று பாதியாகக் குறைத்துவிடாதீர்கள், சுவரே சீனிதான் என்று பார்த்தோம். அடுப்பை 110 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டை வைத்ததும் 100-க்குக் குறைத்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். காகிதத்திலிருந்து ஒட்டாமல் எழும்பி வந்தால் ஆயிற்று. அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். மழை பெய்கிற நாளில் ஆரம்பிக்க வேண்டாம்.

மீதமிருக்கிற நான்கு மஞ்சள் கருவைக் கஸ்டர்டில் சேர்த்துவிடலாம்.

மக்ரூனை ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் அதன் மேல் ஈரம் பூத்துவிடும். மூடி இறுக்கமான டப்பா போதும். அப்படியும் நமத்துப்போனால் தூக்கிப் போடாதீர்கள். 90 டிகிரியில் பதினைந்து, இருபது நிமிடம் வைத்து எடுத்து ஆறவிடுங்கள், மறுபடி மொறுமொறுப்பு வந்துவிடும். செய்து பார்த்தவர்கள் உங்கள் நுனி நின்றதா, சாய்ந்ததா என்று கீழே எழுதுங்கள். சாய்ந்திருந்தால் எந்தக் கட்டத்தில் என்ன செய்தீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், பார்த்துப் பதில் தருகிறேன்.