எதிர்கொள்ள ஆளில்லாத ஊரில் முதல் நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு வெளியூர்ப் பிழைப்பு புதிதல்ல. கொழும்புக்குப் போனார்கள், பர்மாவுக்குப் போனார்கள், பம்பாய்க்குப் போனார்கள். எங்கே போய் இறங்கினாலும் அங்கே ஊர்க்காரர் ஒருவர் இருப்பார். கடைக்குப் பின்னால் படுக்க இடம், பானையில் சோறு, "நீ யார் மகன்?" என்று விசாரிக்க ஒரு குரல். இன்றைக்கு மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கு அது கிடைப்பதில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, வளைகுடாவில் மாறி, எங்கோ ஓர் ஐரோப்பிய நகரத்தில் தனியாக இறங்குகிறார்கள். அந்த ஊர்க்காரர் செய்த வேலையை நாம் இங்கேயே செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையில் மாணவர்களை அனுப்பிவைக்கும் ஆசிரியன் என்ற முறையில், இதைப் பெற்றோரிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. அதனால் நம் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே முதல் நாள் எப்படிப் போகும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. விடுதி அறையின் சாவியைப் பெரும்பாலும் வார நாள்களில், அலுவலக நேரத்தில்தான் தருவார்கள். சனிக்கிழமை இரவு இறங்கினால் சாவி கிடைக்காது. மறுநாள் ஞாயிறு, கடைகளும் திறக்காது. பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. விலை கொஞ்சம் கூடினாலும் செவ்வாய், புதன் காலையில் இறங்கும்படி பாருங்கள்.

அறையில் கட்டிலும் மேசையும் இருக்கும். போர்வையும் தலையணையும் பல விடுதிகளில் இருக்காது. அக்டோபர் மாதத்துக் குளிரில் முதல் இரவை வெறும் மெத்தையில் கழிக்க வேண்டாம்; பெட்டியில் ஒரு கனத்த போர்வைக்கு இடம் விடுங்கள்.

பெட்டி என்றதும் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். உருக்கிய நெய்யையும் கறிக்குழம்பையும் ஆசையாகக் கட்டிக் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் நம் நாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்குக்கூடத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஒரு சிறிய குக்கர் போதும். சொதிக்குப் பழகிய நாக்கு அன்றைக்குப் பொடிச் சோற்றோடு சமாதானமாகட்டும். ஆனால் சோறு வடிக்கத் தெரியாத பிள்ளையை விமானம் ஏற்றாதீர்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்களுக்குச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அடுத்தது பணம். விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை (2025 நிலவரம்) தனிக் கணக்கில் போட்டிருப்பீர்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். அதுவும் பிள்ளை அங்கே வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் பெரும்பாலும் கைக்கு வரும். அதுவரை அறை வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் வேறு பணம் வேண்டும். கடன் வாங்கிக் கணக்கை நிரப்பிய குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. வெளிநாட்டில் செலவழிக்க வங்கி தரும் பயண அட்டையில் தனியாக ஒரு தொகை போட்டுக் கொடுங்கள்.

இனி மாணவர்களுக்கு. சாவி வாங்கும்போதே, நீங்கள் குடிவந்ததற்கான கையெழுத்திட்ட தாளையும் கேட்டு வாங்குங்கள். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். தங்கும் அனுமதி முதல் பல காரியங்கள் அந்தப் பதிவை நம்பியிருக்கின்றன. பெரிய நகரங்களில் அதற்கு நேரம் கிடைப்பதே கடினம், ஊரிலிருந்தே முன்பதிவுக்கு முயலுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் கைப்பையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

களைப்பில் படுத்துவிடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே வெளியே போய், பால் வாங்கும் கடையையும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் டிராம் நிறுத்தத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். தனிமை அறைக்குள்தான் பெரிதாகத் தெரியும். தெருவில் இரண்டு பேரிடம் வழி கேட்டால் பாதி குறையும்.

மறுபடியும் பெற்றோருக்கு. அக்டோபர் தொடக்கத்தில் இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே மாலை ஆறரை. அந்த நேரத்தில் ஒருமுறை பேசினால் போதும். நாள் முழுக்க வீடியோ அழைப்பில் பிள்ளையைப் பிடித்துவைக்காதீர்கள். பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், அழுதால் அழ விடுங்கள்.

இன்னொன்று. வங்கியின் ஓடிபி பழைய இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் செத்துவிடாமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் இருக்கும் தம்பியோ தங்கையோ ஏற்றுக்கொள்ளட்டும்.

வணக்கம்.