ஆக்சிஜன் லீக்: நிரப்பிவிட்டால் முடிந்துவிடாது

வணக்கம் நேயர்களே. விமானப் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் நான். விமானத்தில் புகை வந்தாலோ கேபின் அழுத்தம் குறைந்தாலோ விமானிகள் உடனே மாட்டிக்கொள்ளும் மாஸ்க் இருக்கிறதல்லவா, அதற்கு ஆக்சிஜன் தரும் சிலிண்டர் 21 டிகிரி வெப்பத்தில் முழுதாக இருந்தால் அதன் அழுத்த மானி பொதுவாக 1850 பிஎஸ்ஐ காட்டும். பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு.

ஒரு குளிர்காலத்தில் ஒரு விமானத்தில் அந்த மானியின் முள் தினமும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்தது. குளிரால்தான் என்று சொல்லி ஒவ்வொரு முறையும் நிரப்பி அனுப்பினார்கள். குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், உண்மைதான். ஆனால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6 பிஎஸ்ஐதான். கணக்குப் போட்டுப் பார்த்தோம், குளிரால் வரக்கூடியதைவிட அதிகமாகவே இறங்கியிருந்தது.

சும்மா நிரப்பிக்கொண்டே இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் மூர்க்கமாக எரிய வைக்கும். 2011 ஜூலை 29 அன்று கெய்ரோவில், ஜெட்டாவுக்குக் கிளம்பத் தயாராக நின்ற எகிப்து ஏர் போயிங் 777 விமானத்தில், துணை விமானியின் மாஸ்க்குக்கு ஆக்சிஜன் போகும் குழாய் இருந்த பக்கத்தில் தீப்பிடித்து விமானிகள் அறையே கருகிவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

சரி, லீக்கை எப்படிப் பிடிப்பது? ஆக்சிஜனுக்கென்றே அனுமதித்த சோதனைத் திரவத்தை ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, குமிழி வருகிறதா என்று பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் சின்ன லீக் உடனே காட்டிக்கொடுக்காது. வீட்டு சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் கொழுப்பு இருக்கலாம். கையில், துணியில், ஸ்பேனரில் துளி எண்ணெய், கிரீஸ் இருந்தாலும் கிட்டே போகக் கூடாது. பார்த்து முடித்ததும் திரவத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

எங்களுக்குக் குமிழி வந்தது இருக்கைக்குப் பின்னால் ஒரு நட்டில். கூட இருந்த பையன் ஸ்பேனரோடு கையை நீட்டினான், தடுத்துவிட்டேன். அழுத்தம் இருக்கும்போது நட்டைத் தொடவே கூடாது. சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் இருந்ததை வெளியேற்றிய பிறகு கழற்றினோம். குழாய் முனையில் மெல்லிய கீறல். அதைப் போய் இன்னும் இறுக்கியிருந்தால் முனை பிளந்திருக்கும். குழாயையே மாற்றி, சொன்ன டார்க்கில், அதாவது குறிப்பிட்ட முறுக்கு விசையில் இறுக்கி, அப்புறம் வால்வை மெதுமெதுவாகத் திறந்தோம். சட்டென்று திறந்தால் வாயு குழாயின் கோடியில் போய் அமுங்கி, அந்தச் சூடே தீப்பற்ற வைக்கலாம்.

வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்து வைத்தோம். மறுநாள் காலை வந்து பார்த்தபோது கணக்கு அப்படியே பொருந்தியது. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.