ஆடுவோரா, ஆட்டுவிப்போரா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சிறுவர் பேஸ்பாலில் நேர்மை கெடுவதற்குக் காரணம் ஆடும் பிள்ளைகளா, ஆட்டுவிக்கும் பெரியவர்களா என்பது வழக்கு. ஓட்டக்காரர் தொட்டு நிற்கும் இடங்களில் ஒன்றான இரண்டாம் பேஸில் நிற்கும் பையன், எப்படிப் பந்து வீசுவது என்று கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னிருந்து பந்தைப் பிடிப்பவன், பந்து வீசுபவனுக்குக் காட்டும் விரல் சைகையைத் திருடித் தன் அணியின் பேட்டருக்குத் தெரிவிக்கிறான் என்று கூறி, எதிரணித் தலைவர் பழியைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிட்டு அமர்ந்தார். சிறுவர் பேஸ்பால் போட்டிகளை நடத்தும் அமெரிக்க அமைப்பான லிட்டில் லீக்கின் விதிநூல் அதைக் கண்டிப்பது உண்மைதான். ஆனால் பையனோடு அணியின் மேலாளரையும் அம்பயர் வெளியேற்றலாம் என்று அதே விதி சொல்வதை அவர் ஏனோ வசதியாக விட்டுவிட்டார்.

பிள்ளைகள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆயினும் 2022இல் டெக்சஸின் வேகோ நகரில் நடந்த லிட்டில் லீக் தகுதிச் சுற்றில், ஹெல்மெட்டில் பந்து பட்டு விழுந்த ஓக்லஹோமா பையன், எழுந்து, பந்து பட்டவனுக்கு விதி தரும் முதல் பேஸுக்குப் போன பிறகு, பந்து வீசியவன் கலங்கி நிற்பதைக் கண்டு, நேரே அவனிடம் நடந்து சென்று கட்டிக்கொண்டு தேற்றினான். அந்த ஆட்டத்தில் தோற்றது தேற்றியவனின் அணி.

இனிப் பெரியவர்களின் கணக்கைப் பார்ப்போம். 2001இல் பென்சில்வேனியாவில் நடந்த லிட்டில் லீக் உலகத் தொடரில், நியூயார்க் பிராங்க்ஸ் அணிச் சிறுவன் ஒருவன், ஓர் ஆட்டம் முழுவதும் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல் பந்து வீசினான். 12 வயது வரையுள்ளோருக்கான போட்டியில் அவனுக்கு வயது 14. பந்து வீசும் மேட்டுக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 46 அடிதான். ஈராண்டு மூத்தவனின் கைவேகத்துக்கு முன் அந்தச் சிறுவர்கள் மட்டையைச் சுழற்றுவதற்குள் பந்து கேட்சரின் கையுறையில் இருந்திருக்கும். 1987இல் பிறந்தவனை 1989இல் பிறந்தவனாகக் காட்டிய சான்றிதழை அவனா பதிவு செய்தான்? அந்த அணியின் வெற்றிகளை ரத்து செய்த லிட்டில் லீக், வாழ்நாள் தடை விதித்தது சிறுவனின் தந்தைக்கும் அணியை நிறுவியவருக்கும்தான்.

2014இல் அமெரிக்கப் பட்டம் வென்ற சிகாகோ அணியின் கதையும் அதுவே. தம் அணி ஆள் சேர்க்க அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே வசித்த பிள்ளைகளைச் சேர்ப்பதற்காகப் பெரியவர்கள் பொய்யான எல்லை வரைபடத்தைக் காட்டினார்கள். 2015 பிப்ரவரியில் பட்டம் பறிக்கப்பட்டது. மேலாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், வட்டார நிர்வாகி பதவி இழந்தார். வியர்வை சிந்தி வென்ற பட்டத்தை இழந்தவர்கள் என்னவோ பிள்ளைகள்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர், இந்த இரண்டு மோசடிகளிலும் எந்தத் தாளில் எந்தப் பிள்ளை கையெழுத்திட்டான் என்பதை மட்டும் அவைக்குச் சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும்.